மலையில் அப்பிளைக் காய வைத்து ஒரு வருஷம் வைத்திருப்பது எப்படி?

போகவந்தலாவையில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டது இது. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பை அப்பிளோடு வந்திருக்கிறார்கள். ஐம்பது பழத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. பழுதாகப் போகிறதே என்று ஒரு பகுதியை வெட்டி, மிளகாய் காய வைப்பதுபோல சுளகில் பரப்பி வெயிலில் வைத்தார். பகலில் இரண்டு மணித்தியாலம் வெயில், பிறகு மழை, பிறகு மூடுபனி. மூன்றாம் நாள் துண்டுகளின் மேல் பச்சைப் பூசணம். 'காய்ந்த அப்பிளை ஒரு வருஷம் வைக்கலாம் என்கிறார்களே, எங்கள் மலையில் அது சரிவருமா? பூசணம் பிடித்ததைக் கழுவி மறுபடி காய வைக்கலாமா?' என்று கேட்கிறார்.

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். கழுவ வேண்டாம், அந்தச் சுளகில் இருந்த எல்லாவற்றையும் குப்பைக் குழியில் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பூசணம் மேலே கொஞ்சம்தான். அதன் வேர் துண்டுக்குள்ளே போயிருக்கும், சில பூசணங்கள் விடும் நஞ்சு கழுவினாலும் சுட வைத்தாலும் போகாது. நோயிலிருந்து எழுந்த ஒருவர் இருக்கும் வீட்டில் இதில் துணிச்சல் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி, நீங்கள் வெட்டியதில் ஒரு பிழையும் இல்லை. வெயிலை நம்பியதுதான் பிழை. பழத்தை வெயிலில் காய வைக்க வேண்டுமென்றால் வெப்பம் குறைந்தது 30 பாகையாவது இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 60 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து சில நாட்களுக்கு. போகவந்தலாவை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இந்த இரண்டும் சேர்ந்து வருவது அரிது. நுவரெலியாவில் வருவதே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை நம் பக்கத்துச் சரிவில்தான் கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் வருவதே அதனால்தான். பதுளை, வெலிமடைப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் வெயிலில் முயன்று பார்க்கலாம், இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். நமக்கு அந்த வழி இல்லை.

மிளகாய் நம் ஊரில் ஓரளவு காய்ந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். மிளகாய்க்கு முழுத் தோல் இருக்கிறது, உள்ளே சதை குறைவு. வெட்டிய அப்பிள் துண்டு இரண்டு பக்கமும் திறந்த சீனிப்பாகு மாதிரி. காற்றில் பறக்கும் பூசண விதைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்படியானால் சரிவருமா? நன்றாகவே சரிவரும். எப்படி என்பதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை, தோட்டத்துப் பெக்டரிக்குப் போனால் போதும். நான் 22 வருஷம் பெக்டரியில் இருந்தவன், அதில் பெரும்பகுதி டிரையர் பக்கம். அடைமழையில் கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்து வரும். வெயில் வரட்டும் என்று யாராவது காத்திருந்தார்களா? வாட்டும் தொட்டிக்குள் விடும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி விடுவோம், அவ்வளவுதான். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது தூளாகி வெளியே வரும்போது 3 வீதம் அளவில்தான் ஈரம் இருக்கும். இவ்வளவும் மழைக்கு நடுவில், மூடுபனிக்கு நடுவில் நடக்கிறது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை தொடங்கியபோது பெரிய இயந்திரம் ஒன்றும் இருக்கவில்லை. பங்களா விறாந்தையில் மேசை மேல் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, மேலே கம்பி வலைத் தட்டு வைத்துத்தான் காய வைத்தார்கள். அந்தக் கரி அடுப்பும் கம்பித் தட்டும் உங்கள் குசினியில் இன்றைக்கும் வைக்கக்கூடியவை.

இதற்குள் இருக்கும் கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். 16 பாகைக் குளிரில், 90 வீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாலை நேரத்துக் காற்று. அதே காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 8 வீதம் அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, ஆனால் சூடான காற்றுக்குப் பல மடங்கு தண்ணீரைக் கொள்ளும் இடம் வந்துவிடுகிறது. கொழும்புக் காற்றை அப்படிச் சூடாக்கினால்கூட 15 வீதத்தில்தான் நிற்கும். ஆகவே வெயிலை விட்டுவிட்டுக் காற்றைச் சூடாக்கினால், நம் குளிர்ந்த மலைக்காற்று கீழ்நாட்டுக் காற்றைவிட நன்றாகக் காய வைக்கும். சூடு, ஓடும் காற்று, ஈரக்காற்று வெளியே போக வழி, இந்த மூன்றும் வேண்டும். மூடிய பெட்டிக்குள் சூடு மட்டும் கொடுத்தால் பழம் அவியுமே தவிரக் காயாது.

சரி, பழம். கடையில் வாங்கும் அப்பிள் இறக்குமதி, மேலே மெழுகு பூசியிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுத் துணியால் தேய்த்துக் கழுவுங்கள். தோலைச் சீவினால் நல்லது. தோலோடு காய வைத்தால் நேரம் கூடும், தின்னும்போது தோல் தோலாக வரும். பிள்ளைகளுக்குப் பிடிக்காது. இறுக்கமான பழமாகப் பாருங்கள். மாவாகிப்போன பழம் வெட்டும்போதே உடையும், அதைச் சீனி போட்டு ஜாமாகக் காய்ச்சிவிடலாம். அடிபட்டுக் கறுத்த இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

நடுவில் விதையை எடுத்துவிட்டு 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டுங்கள். பத்து ரூபாய்க் குற்றி மூன்றை அடுக்கினால் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு. தடிப்பு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பரவாயில்லை, எல்லாத் துண்டும் ஒரே தடிப்பாக இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மெல்லிசு, மறுபக்கம் தடிப்பு என்று வெட்டினால் மெல்லிசுப் பக்கம் தீயும்போது தடிப்புப் பக்கம் இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த ஒரு துண்டின் ஈரம் போத்தல் முழுவதையும் கெடுத்துவிடும்.

வெட்டிய அப்பிள் கறுக்கிறதே, அது ஏன் என்று பெக்டரியில் வேலை செய்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் கொழுந்தை உருட்டி வைத்தால் செம்பு நிறமாக மாறுகிறது அல்லவா, அதைச் செய்யும் அதே வகை நொதியம்தான் அப்பிளிலும் இருக்கிறது. தேயிலையில் அது நமக்கு வேண்டும், அப்பிளில் வேண்டாம். கறுத்தாலும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, தின்னலாம். நிறம் வேண்டுமென்றால் தேசிக்காய்ச் சாறும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, வெட்ட வெட்ட அதில் போட்டு 10 நிமிடம் வையுங்கள். தேசிக்காய் விலையாக இருந்தால் பார்மசியில் கிடைக்கும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஆறைப் பொடித்து அரை லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். அதில் ஐந்து நிமிடம் போதும். இன்னொரு வழி, இட்லிச் சட்டியில் ஆவி காட்டுவது. மூன்று முதல் ஐந்து நிமிடம். நம் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்னமே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94 பாகை அளவில். ஆகவே ஐந்து நிமிடத்துக்கே போங்கள். பச்சைத் தேயிலை செய்பவர்கள் கொழுந்துக்கு ஆவி காட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். கந்தகப் பொடி போட்டால் நிறம் பளிச்சென்று நிற்கும், கடைப் பழங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது மூச்சை இழுத்துவிடும், குளிர்த் தோட்டங்களில் அந்த நோயுள்ளவர்கள் இல்லாத வீடு குறைவு.

துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்புங்கள். இனிச் சூடு. 57 முதல் 60 பாகை. இதில்தான் அவசரப்படுகிறவர்கள் கெடுக்கிறார்கள். டிரையரில் சூடு மிதமிஞ்சிப் போனால் தேயிலையின் வெளிப்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். கையில் எடுத்தால் காய்ந்ததுபோல மொறமொறக்கும், பெட்டியில் போட்டு வைத்தால் வாசம் கெடும். அப்பிளுக்கும் இதே கதி. சீக்கிரம் முடியட்டும் என்று 90, 100 பாகையில் வைத்தால் மேலே தோல் கட்டும், உள்ளே சாறு நிற்கும்.

மின்சாரத்தில் ஓடும் உலர்த்தும் பெட்டி, டிஹைட்ரேட்டர் என்பார்கள், இருந்தால் வேலை மிகச் சுலபம். 6 முதல் 12 மணித்தியாலம் பிடிக்கும். 500 வாட் பெட்டி 8 மணித்தியாலம் முழுச் சூட்டில் ஓடினாலும் 4 யூனிட்தான், கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் மிளகாய், கருவேப்பிலை, வல்லாரை என்று வருஷம் முழுக்க அதற்கு வேலை இருக்கும்.

ஓவன் இருந்தால் அதன் ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை நாலு விரல் அளவு திறந்து, ஏதாவது ஒன்றை இடையில் செருகி வையுங்கள். பக்கத்தில் சின்ன ஃபேன் ஒன்றை வைத்தால் ஈரக்காற்று வெளியேறும். பல ஓவன்களில் ஆகக் குறைந்த சூடே 60ஐத் தாண்டும். ஆகவே உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்து, கதவை இன்னும் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யுங்கள். கேஸ் ஓவன் என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

இரண்டும் இல்லாத லயத்து வீட்டுக்கு விறகு அடுப்பு இருக்கிறது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறு எரியும்போது மேலே தொங்கவிட்டால் பழம் புகை வாசம் பிடித்துக் கறுத்துவிடும், கொறக்காய்க்கு அது பொருந்தும், அப்பிளுக்குப் பொருந்தாது. இரவுச் சமையல் முடிந்து சுவாலை அடங்கி, தணல் மட்டும் நிற்கும் நேரம் பாருங்கள். புதுக் கம்பி வலையைச் சட்டத்தில் அடித்துத் தட்டாக்கி, துவாரமான துணி விரித்து, தணலிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் வையுங்கள். தட்டு இருக்கும் உயரத்தில் கையை நீட்டினால் நல்ல சூடாக இருக்க வேண்டும், ஆனால் கையை இழுத்துக்கொள்ளும்படி சுடக்கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். ஒரே இரவில் முடியாது, இரண்டு மூன்று இரவு எடுக்கும். இடையில் பகலில் துண்டுகளை வெளியே விட்டால் மூடுபனி போன ஈரம் அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும், ஆகவே ஆறியதும் இறுக்கமான டின்னில் மூடி ஃபிரிஜ்ஜில் வைத்து, மறுநாள் தணலுக்கு எடுங்கள். இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டுத் தணலோடு உள்ளே படுக்காதீர்கள். கரித்தணலின் நச்சுவாயுவுக்கு வாசமே இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? தட்டின் நடுவிலிருந்து ஆகத் தடிப்பான ஒரு துண்டை எடுங்கள். சூட்டோடு பார்த்தால் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், ஆகவே ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு இரண்டாக ஒடித்து, ஒடித்த விளிம்பை விரலால் அமுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவு நீர்த்துளி மினுங்கினாலும் இன்னும் காயவில்லை. தோல்போல வளைந்து, துளி ஒன்றும் வராமல், விரலில் ஒட்டாமல் இருந்தால் சில மாதத்துக்குப் போதும். ஒரு வருஷம் வைக்க நினைத்தால் வளைக்கும்போது டக்கென்று ஒடிய வேண்டும்.

கண்ணையும் கையையும்விட நிச்சயமான வழி தராசு. அப்பிளில் 85 வீதம் அளவு தண்ணீர். ஒரு கிலோ துண்டில் தண்ணீர் போக மிஞ்சும் சதை 150 கிராம்தான். தட்டில் பரப்பும்போது நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு கிலோ 185 கிராமுக்கு இறங்கினால் ஈரம் 20 வீதம் அளவில் நிற்கிறது, மெத்தென்று தின்ன நன்றாக இருக்கும். 165 கிராமுக்கு இறங்கினால் 10 வீதம், அதுதான் வருஷக் கணக்கு. பழத்துக்குப் பழம் கொஞ்சம் மாறும், அதனால் தராசு காட்டிய பிறகும் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் வருஷம் விட்டேன். நன்றாகக் காய்ந்ததென்று நினைத்து மூன்று போத்தலை நிறைத்து, மூடி, அலுமாரியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் புளித்த வாசம், மூன்றும் போய்விட்டது. ஒரு தட்டிலேயே சில துண்டு கூடக் காய்ந்திருக்கும், சில துண்டில் ஈரம் மிச்சம் இருக்கும். ஆகவே ஆறிய துண்டுகளைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும், அமுக்காமல் போட்டு, இறுக்கி மூடி, 7 முதல் 10 நாள் வெளியே கண்படும் இடத்தில் வையுங்கள். தினமும் காலையில் ஒருமுறை குலுக்குங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கலகலவென்று உருள வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் போத்தலின் தோள்பகுதியில், மூடிக்குக் கொஞ்சம் கீழே, கண்ணாடியின் உட்பக்கம் பனிபோல மெல்லிய ஈரம் படியும். சில நேரம் நாலாம் நாள்தான் தெரியும். அதைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி இன்னும் இரண்டு மணித்தியாலம் சூட்டில் வையுங்கள், பிறகு நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள். பூசணம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் அந்தப் போத்தல் குப்பைக்கு.

பத்து நாளும் கண்ணாடி தெளிவாக இருந்தால் சின்னச் சின்னப் போத்தல்களில் நிறைத்து வையுங்கள். பெரிய போத்தலை நாள்தோறும் திறந்தால் ஒவ்வொரு தடவையும் மலைக்காற்று உள்ளே போகும். பழைய ஜாம் போத்தல் போதும், மூடிக்குள் இருக்கும் ரப்பர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சொப்பிங் பேக்கில் முடிந்து வைப்பது நம் ஊருக்குச் சரிவராது, ஒரு வாரத்தில் பதமேறிவிடும். வெயிலில் காய வைத்த பழத்தில் பூச்சி முட்டை இருக்கலாம், ஊவாப் பக்கத்தவர்கள் அதை ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்து எடுங்கள். குளிரிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் மலைக்கு அதிர்ஷ்டம். காய்ந்த பழம் 16 பாகை அளவில் ஒரு வருஷம் நிற்கும், 27 பாகையில் ஆறு மாதம்தான். நுவரெலியாவின் வருஷச் சராசரியே 16 பாகை அளவு, கொழும்பின் சராசரி 27 அளவு. போகவந்தலாவை நுவரெலியாவைவிடக் கொஞ்சம் சூடு, ஆனாலும் அடுப்புப் பக்கம் வைக்காமல் இருட்டான அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் நல்லபடி நிற்கும். போத்தலில் திகதி எழுதி ஒட்டுங்கள்.

தின்பதற்கு அப்படியே தின்னலாம், பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட்டுக்குப் பதில் போகும். அப்பாவுக்குக் கொடுப்பதாக இருந்தால் சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற வைத்தால் மெத்தென்று வரும். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தால் கவனம், தண்ணீர் போனதே தவிரச் சீனி அப்படியேதான் இருக்கிறது, ஒரு கைப்பிடிக்குள் முழுப் பழம் அடங்கிவிடும். தைப்பொங்கலுக்கு முந்திரிகை வத்தலோடு நாலு துண்டை நறுக்கிப் போட்டுப் பாருங்கள். பிளேன்டீயில் ஒரு துண்டு போட்டால் நல்ல வாசம். ரோட்டோரத்தில் பேரிக்காய் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அதையும் இதே மாதிரிச் செய்யலாம், நேரம் மட்டும் கொஞ்சம் கூட எடுக்கும்.

மிச்சப் பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். ஒரு தடவைக்கு ஆறு, ஏழு பழம்தான் தட்டில் கொள்ளும். மற்றதை ஒவ்வொன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி, குளிரான மூலையில் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு, மூன்று வாரம் காத்திருக்கும். அழுகத் தொடங்கிய ஒன்று இருந்தால் மற்றதையும் இழுத்துவிடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அந்தப் பெட்டியை கரட் மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அப்பிளிலிருந்து வரும் வாயு பட்டால் கரட் கசந்துவிடும்.